ஹீமோகுளோபின் போபோடி

ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். சிரிக்காதீர்கள், உண்மைதான். காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன். அதே ரத்தம் கண்ணாடிக் குழாய்க்குள் போய் மேலே ஒரு மூடியும் விழுந்துவிட்டால் பயம் போய்விடும். அப்புறம் எனக்கு அது ஆபீஸ் வேலை. புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஹீமோகுளோபினைக் கட்டிக்கொண்டே என் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டிவிட்டேன். போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்றேன்.

அதற்கு முந்தின மாதமே சொல்லிவிட்டார்கள், மைனஸ் எண்பதில் என் தட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. மைனஸ் எண்பது என்பது எங்கள் குளிர்பெட்டியின் குளிர். நாளடைவில் அதுவே பெட்டிக்கும் பெயராகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இடம் வேண்டும். நியாயம்தான், யார் இல்லை என்றார்கள்? நான் விட்டுவிட்டுப் போவதை யாரும் கட்டிக் காக்கப்போவதில்லை. கேட்பாரற்ற ரத்தத்தை ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிடுவதுதான் எங்கள் விதி. தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குழாயாக எடுத்துக் கொட்டினேன். ஒன்றை மட்டும் என்னால் கொட்ட முடியவில்லை.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குழாய். அதன் மேல் ஒட்டிய தாளில் என் கையெழுத்தில் ‘போபோடி’ என்று இருந்தது. உள்ளே இருந்தது என் வீட்டுக்காரரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஹீமோகுளோபின். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் உடம்பில் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அதை மறுபடி உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டு, கான்டீனில் போய்க் குடிக்க முடியாத டீ ஒன்றை வாங்கிக் குடித்தேன்.

அவர் ரத்தம் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கதையே ஒரு கூத்து.

கல்யாணமான புதிதில் நாங்கள் புனேயில் போபோடி என்கிற பேட்டையில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். அவருக்குப் பக்கத்துக் கட்கியில் தொழிற்சாலை வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் படித்த படிப்பில் என் பேச்சு எந்த ஊரும் இல்லாததாகிவிட்டது. அவர் மட்டும் இந்தி பேசினால்கூட அதில் தாமிரபரணித் தண்ணீர் ஓடும். ஷிப்டு இல்லாத நாளில் எனக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பார். வந்தால் சும்மா போகமாட்டார். ‘என்ன டீச்சரம்மா, இன்னிக்கு யார் ரத்தத்தக் குடிக்கிய?’ என்று எல்லார் முன்னாலும் கேட்பார். நல்ல வேளை, அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது.

எங்கள் வேலை இதுதான். ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கப் போய் இறக்கிவிட்டு வருகிறது. ஏற்றுவது பெரிய காரியமில்லை. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, எந்த இடத்தில் மனசு வந்து விடுகிறது என்பதுதான் சங்கதி. அதை அளந்து புள்ளி புள்ளியாக வைத்தால் ஒரு வளைந்த கோடு வரும். நோயாளியின் ரத்தத்தை அளக்கும்போதெல்லாம் பக்கத்தில் நோயில்லாத ஒருவர் ரத்தத்தையும் அளந்தாக வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். எங்களுக்கு எப்போதும் கன்ட்ரோல் கொடுத்தவர் ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவர். கையை நீட்டச் சொன்னால் ஒருநாளும் முகம் சுளிக்காத மனிதர். ஆனால் ஆடியை ஒட்டிய ஆஷாட மாதம் வந்துவிட்டால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. பண்டரிபுரத்துக்கு வாரி என்கிற பாதயாத்திரையோடு நடக்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் வாரியின் பல்லக்கான பால்கி புனேயைத் தாண்டிய மறுநாள், கன்ட்ரோலுக்கு ஆளில்லாமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என் ரத்தத்தை எடுக்கலாம்தான். ஊசியைப் பார்த்தாலே நான் விழுந்துவிடுவேன், அப்புறம் வேலையை யார் செய்வது? டப்பாவோடு வந்து நின்றார் இவர்.

“என்னத்துக்கு முழிக்க? என்கிட்ட எடுத்துக்கோயேன். என் ரத்தம் என்ன தக்காளி ரசமா?”

எடுத்தோம். கோடு கோணலாக வந்தது. இருக்க வேண்டிய இடத்திலிருந்து இடதுபக்கம் நகர்ந்து, ஆக்ஸிஜனை விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

எங்கள் சார் மராட்டியர். பாராட்டினால் ஆங்கிலம், திட்டினால் மராத்தி. கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பஃபர்” என்றார். ஹீமோகுளோபினைக் கரைத்து வைக்கிற நீர்தான் பஃபர். அதன் புளிப்பு கொஞ்சம் குறைந்தாலும் கோடு இப்படித்தான் நகரும். நான் புதிதாகச் செய்தேன். மறுபடி இடதுபக்கம். “புன்ஹா கர்” என்றார், திரும்பச் செய் என்று. திரும்பச் செய்தேன். தண்ணீரை மாற்றினேன், உப்பை மாற்றினேன், அளக்கிற கருவியைக் கழற்றித் துடைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாகப் பஃபர் பாட்டிலைக் கரித்துக்கொட்டினேன். ஒவ்வொரு தடவையும் இவர் வந்து சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார். “பாவம்ளா நீ, எடு எடு” என்பார்.

இவ்வளவு படித்தவர்கள் அத்தனை பேரில் ஒருவருக்கும் கன்ட்ரோல் மேல் சந்தேகம் வரவில்லை. எங்கள் தொழிலில் அது வராது. கடைக்காரர் எதைச் சந்தேகப்பட்டாலும் தன் எடைக்கல்லைச் சந்தேகப்படுவாரா?

வாரி முடிந்து, வெயிலில் கறுத்து, கையில் பிரசாதப் பொட்டலத்தோடு உதவியாளர் திரும்பி வந்தார். வந்த அன்றே அவர் ரத்தத்தை எடுத்து, நான் கரித்துக்கொட்டிய அதே பஃபரில் போட்டேன். கோடு சமர்த்தாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. சார் இரண்டு காகிதங்களையும் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

“அந்த இன்னொரு ரத்தம் யாருடையது?”

“என் வீட்டுக்காரர் சார்.”

“அரே தேவா!” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். விசித்திரமான ஹீமோகுளோபின் எங்காவது கிடைக்காதா என்று வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் கெஞ்சிக் கெஞ்சி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒன்று தினமும் என் எதிரே உட்கார்ந்து மோர்க்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி வேறாக இருந்தது. அந்த ஒன்றினால் அவருடைய ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை மற்றவர்களுடையதைவிட இறுக்கிப் பிடித்தது. உடம்பும் சும்மா இருக்கவில்லை. ஈடுகட்ட நிறைய ரத்தம் ஊறவைத்திருந்தது. அவர் முகம் எப்போதும் செக்கச்செவேலென்று இருந்ததற்கும், சிம்ஹகட் மலைக்கோட்டையில் நான் பாதி வழியில் நாக்குத் தள்ளி நிற்கும்போது அவர் மேலே போய்க் கடையில் பிட்லா பாக்ரி என்கிற குழம்பும் ரொட்டியும் கொண்டுவரச் சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருந்ததற்கும் காரணம் அதுதான். நோய் ஒன்றும் இல்லை.

புது ஹீமோகுளோபினைக் கண்டுபிடித்தால், அது முதலில் கிடைத்த ஊரின் பெயரை அதற்கு வைப்பது எங்கள் துறை வழக்கம். உலகத்தில் எத்தனையோ ஊர்கள் அப்படி ரத்தத்தில் ஏறியிருக்கின்றன. எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஹீமோகுளோபின் போபோடி! ரயில்வே கேட்டும் பஞ்சர் கடையும் எங்கள் சந்தும் புத்தகத்தில் ஏறப்போகின்றன. இவர் சும்மா இருப்பாரா? சந்து முழுக்கப் பேடா கொடுத்துவிட்டார். கடைசியில் பார்த்தால், எந்தக் கண்ணி மாறியிருக்கிறது என்று உறுதியானபோது, அதே மாற்றம் ஏற்கெனவே வேறொரு தேசத்தில் யாருக்கோ இருந்து, அந்த ஊரின் பெயரும் வைத்தாகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

“பேரு வச்சுட்டானுவளா? வச்சுட்டுப் போறான். அவன் ஊருல அது அவன் பேரு. நம்ம வீட்டுல அது போபோடிதான். எழுதி ஒட்டு” என்றார்.

எழுதி ஒட்டினேன். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் எத்தனையோ குழாய்களில் அதையே எழுதி ஒட்டினேன். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். அதன் உருவத்தைக் கண்டுபிடிக்கப் படிகம் வளர்த்தோம். ஹீமோகுளோபின் கரைசலில் உப்பைக் கூட்டிக்கொண்டே போய் ஆடாமல் வைத்துவிட்டால், கல்கண்டு போலச் சின்னச் சின்னதாகக் கட்டும். அதன் வழியாக எக்ஸ்ரே கதிரை விட்டு உள்ளே எந்த அணு எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட வேண்டும். முதல் படிகம் வந்த அன்று அவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ரொம்ப நேரம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “நானா இவ்வளவு அழகா இருக்கேன்?” என்றார்.

வீட்டில் சண்டை வந்தால் எனக்கு அதுதான் ஆயுதம். “உங்க ரத்தத்துலயே விட்டுக்கொடுக்கிற புத்தி இல்ல, ஆய்வே பண்ணியாச்சு” என்பேன். “ஆமா, பிடிச்சா பிடிச்சதுதான். உன்னப் பிடிச்சிருக்கம்லா, அது மாதிரி” என்பார். மனுஷரோடு எங்கே சண்டை போடுவது?

அவர் இருந்தவரை அந்த ரத்தம் எனக்குக் குழாயடித் தண்ணீர். தீர்ந்தால் போன் போடுவேன், வந்து கையை நீட்டுவார். மிஞ்சியதைத் தொட்டியில் கொட்டுவேன். எத்தனை தடவை கொட்டியிருப்பேன்! ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பைப் போடக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மைனஸ் எண்பதைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு குழாய் இருந்தது.

அந்தக் குழாயைப் பற்றி இன்னொன்று சொன்னால்தான் விளங்கும். ஹீமோகுளோபினைச் சும்மா வைத்தால் நறுக்கிய கத்தரிக்காய் மாதிரி பழுப்பாகிவிடும். அதனால் கார்பன் மோனாக்ஸைடு வாயுவை அதில் ஏற்றி வைப்போம். அப்படி வைத்தால் வருஷக்கணக்கில் செம்பருத்திச் சிவப்பாகவே இருக்கும். ஆனால் அந்தச் சிவப்பு மூச்சு இல்லாத சிவப்பு. வாயுவைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிஜனைத் தொடாது. தொட வைக்க வேண்டுமானால் விளக்கு வெளிச்சத்தில் வாயுவை விரட்ட வேண்டும். விரட்டிவிட்டால் அதற்கு ஆயுள் குறைவு, சில நாளில் பழுப்புதான். மூடி வைத்தால் சிவப்பாக இருக்கும், திறந்தால் ஒரு முறை மூச்சு விட்டுவிட்டுப் போய்விடும். நான் மூடியே வைத்திருந்தேன்.

அதற்கும் மேல் எனக்கு ஓர் ஆசை இருந்தது. எங்களுக்கு ஒரே பெண். தகப்பனுக்கு இருப்பது பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. போபோடி இவளிடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தக் குழாயோடு சரி. சின்ன வயதில் குழந்தைக்கு ஊசி குத்தக்கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். வளர்ந்த பிறகு அவள் தடுத்தாள். புனேயிலேயே பாணேரில் ஃப்ளாட், ஐடி வேலை, எப்போதும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு யாரோடாவது ஆங்கிலத்தில் சண்டை.

“மா, நான் உன் சாம்பிள் இல்ல. பஸ், போதும், இந்த டாபிக் வேணாம்.”

“ஒரு சொட்டுடி.”

“ஒரு சொட்டும் நஹி.”

ஆபீஸில் வருஷா வருஷம் உடம்புப் பரிசோதனை உண்டு. அந்த ரிப்போர்ட்டையாவது காட்டு என்றால் போனைத் திருப்பி வைத்துக்கொள்வாள். எனக்கோ அவளைப் பார்க்கும்போதெல்லாம் அடையாளம்தான். வெயிலில் நின்றால் கன்னம் சிவக்கிறதே? அவர் போன மறு வருஷம் இரண்டு பேரும் சிம்ஹகட் ஏறினோம். அவள் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மேலே போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள், அச்சு அசல் அவர் நிற்கிற மாதிரி. நான் தவழாத குறையாக ஏறிப்போய், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவளைக் கட்டிக்கொண்டு, “அப்பா ரத்தம்டி! சந்தேகமே இல்ல, அப்பா ரத்தம்!” என்று கத்தினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், எனக்குப் போபோடிக் குஞ்சு. அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

தட்டைக் காலி செய்ய வேண்டிய கடைசி வாரத்தில் அவளிடம் போனில் சொன்னேன். ஒரு குழாய் இருக்கிறது, கொட்ட மனசு வரவில்லை, வைக்கவும் இடமில்லை என்று. 

“மா, அத ஒரு தடவ திறந்து பாக்க முடியுமா? அப்பாவோட அந்த லைன் வருமே, அது?”

“முடியும். பக்கத்துல வைக்கக் கன்ட்ரோல் வேணும்.”

“சனிக்கிழமை வரேன். என் ரத்தத்த எடுத்துக்கோ.”

வந்தாள். எங்கள் டிஸ்பென்சரி நர்ஸ் ரத்தம் எடுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பணுக்களைக் கழுவி, குளிர்ந்த நீரில் உடைத்து, ஹீமோகுளோபினைத் தெளியவைக்க மதியமாகிவிட்டது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுடையதை அளந்தேன். எங்கள் கண்ணாடிக் குடுவையில் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, ஊசிக்குழலால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விட்டு, ஒவ்வொரு தடவையும் நிறத்தை அளக்க வேண்டும். பாதிப் புள்ளிகள் விழும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதியையும் அளந்தேன். கோடு சமர்த்தாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த உதவியாளர் ரத்தம் மாதிரி, உலகத்தில் எல்லார் ரத்தமும் மாதிரி.

பஃபராக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். நினைப்பேனா மாட்டேனா? எழுந்து போய்ப் பஃபரைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

“இல்லல்ல?” என்றாள்.

நான் பஃபர் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

“எனக்குத் தெரியும் மா. முன்னாடியே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஆபீஸ் செக்கப்ல எனக்கு ரத்தம் கம்மின்னாங்க. அயர்ன் மாத்திரை கொடுத்தாங்க. அப்பாக்கு ஜாஸ்தி இருந்துச்சுன்னு நீதானே சொல்வே? அப்போவே புரிஞ்சுது.”

“எப்போ?”

“சிம்ஹகட் போறதுக்கு முன்னாடி.”

எனக்கு வந்ததே கோபம்! “கழுதை! இத்தனை வருஷமா வாயத் திறக்காம இருந்தியா? உன்கிட்ட ஒரு சொட்டு ரத்தத்துக்கு நான் நாயா அலையுதேன், நீ...” என்று கத்தினேன். சண்டையென்று வந்தால் எனக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிடுகிறது. 

“நீ அங்க மேல வந்து என்னக் கட்டிக்கிட்டே மா. அப்பா போனதுக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கவே இல்ல. எப்படிச் சொல்றது? எனக்கு டர் ஆயிடுச்சு, பயந்துட்டேன். டெஸ்ட் பண்ணா, உனக்கு அப்பா திரும்பவும் போயிடுவாருன்னு.”

நான் கையுறையைக் கழற்றினேன். அவளைப் பிடித்துக்கொண்டு, அவர் போன அன்றுகூட அழாத அழுகை அழுதேன். இந்தப் பெண்ணின் கன்னத்தையும் நடையையும் பார்த்துப் பார்த்து அவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இவள் அதைத் தெரிந்துகொண்டே, தேடட்டும் என்று நின்றிருக்கிறாள். எனக்கு அவர் வேண்டும். வேறொன்றும் இல்லை, அவர் வந்து டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுச் சட்டைக்கையைச் சுருட்ட வேண்டும். அது நடக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “அப்பாவ எடு மா” என்றாள்.

குழாயை எடுத்து உருகவிட்டேன். பனிக்கட்டிக்குள் குடுவையைச் சுழலவிட்டு, மேலே விளக்கைப் போட்டு, வாயுவை விரட்டினேன். பிறகு காற்றை உறிஞ்சியதும் அது நாவல்பழ நிறத்துக்கு இருண்டது. அவள் பயந்துபோய், “கெட்டுப்போச்சா?” என்றாள். “இல்ல, மூச்சுக்குக் காத்திருக்கு” என்று ஊசிக்குழலை அவள் கையில் கொடுத்தேன். அவள் கொஞ்சம் காற்றைத் தள்ளினாள். கரைசல் வெளுத்துச் சிவந்தது. ஒரே தள்ளில் அவ்வளவு சிவப்பு, வேறு யார் ரத்தத்திலும் வராது. நான் அளந்து புள்ளி வைத்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். புள்ளிகள் சேர்ந்து, எனக்குப் பழக்கமான அந்த இடதுபக்கத்தில், கோணலாக, பிடிவாதமாக ஏறின.

இரண்டு கோடுகளையும் ஒரே திரையில் போட்டுக் காட்டினேன்.

“இது அப்பா. இது நீ.”

அவள் கோடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அடியில் ஒன்றாகப் புறப்பட்டு, நடுவில் பிரிந்து, உச்சியில் இரண்டும் ஒன்றாகவே முடிந்தன. ஆக்ஸிஜன் நிறைந்துவிட்டால் எல்லா ரத்தமும் அப்படித்தான் இருக்கும். அவள் விரல் அந்த உச்சியில் ரொம்ப நேரம் நின்றது.

மிச்சத்தை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். இரண்டு மூன்று நாள் ஐஸில் வைத்திருக்கலாம், அப்புறம் பழுப்பாகிவிடும் என்றேன். “வேணாம் மா” என்றாள். எனக்கும் அதைப் பழுப்பாகப் பார்க்க வேண்டாம். அவள் குழாயிலிருந்து ‘போபோடி’த் தாளை மெதுவாக உரித்து, தன் முழங்கையில் நர்ஸ் ஒட்டிய பிளாஸ்திரியின் மேல் ஒட்டிக்கொண்டாள். நான் ப்ளீச் பாட்டிலைத் திறந்து தொட்டியருகே போனேன். ஊற்றுவதற்கு முன் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு, சிவப்பாகவே இருந்தது.